சித்தூரில் தேக்கு உத்திரம் வாங்கப் போன பயணம்

எழுபத்தைந்தாம் வருஷம், மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. விடிகாலை ஐந்து மணிக்குச் சக்குபள்ளத்தில் ஜீப் ஏறினேன். பாலக்காட்டுச் சித்தூர் போய்ப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருக்கலாம். கண்ணில் பிழை இருக்காது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பத்திலிருந்து தலைச்சுமையாக அரிசி மூட்டை தூக்கி மலை ஏறினவன். இன்று அதே மலையில் எனக்கு இருபது ஏக்கர் ஏலக்காடு, ஒரு காய் உலர்த்தும் கொட்டகை, பழைய ஜீப் ஒன்று. எல்லாம் என் கையால் வந்தவை. என் வயதில் மேலே வந்த மற்றவர்கள் கூட்டாளி சேர்த்தார்கள், கூட்டாளி கெடுத்தான். நான் யாரையும் சேர்க்கவில்லை. யாரையும் நம்பவும் இல்லை. அதனால்தான் தேறினேன்.

இந்த வருஷம் சக்குபள்ளத்தில் மாடி வீடு கட்டத் தொடங்கினேன். சுவர் எழும்பி, கூரைக்குக் காத்து நிற்கிறது. மழை பிடிப்பதற்குள் மூடியாக வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் காங்கிரீட் போடுகிறார்கள். நான் மட்டும் பழைய தேக்கில் மச்சு போட வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்தக் காலத்து மரம் போல இப்போது எங்கே வெட்டினாலும் கிடைக்காது. பாலக்காடு ஜில்லாவில் பழைய வீடுகளைப் பிரித்து மரத்தை விற்கிறார்கள் என்று ஒரு ஏலக்காய் வியாபாரி சொன்னார். அவரே ரங்கசாமி என்ற தரகருக்குச் சொல்லி அனுப்பினார். இதில் அவருக்கு என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

குமுளி வரைக்கும் ஜீப். அங்கிருந்து கம்பம், தேனி, திண்டுக்கல், பழனி, உடுமலை என்று பஸ் மாறி மாறிப் பொள்ளாச்சி சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். திண்டுக்கல்லில் சாம்பார் சாதம் ஒரு ரூபாய். சாம்பாரை விடத் தண்ணீர் அதிகம். பொள்ளாச்சியில் லாட்ஜ் அறை நான்கு ரூபாய். தாழ்ப்பாள் சரியில்லை. மேஜையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

புதன் காலை ஏழு மணி பஸ். பொள்ளாச்சியிலிருந்து சித்தூர் இருபது மைல் இருக்கும். தமிழ்நாட்டில் மதுவிலக்கு வந்த பிறகு இந்த பஸ்ஸில் காலையிலேயே கூட்டம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கள்ளுக்கடை. போகிறவர்கள் பேசாமல் போகிறார்கள், எதிர் பஸ்ஸில் திரும்புகிறவர்கள் பாடிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் கையில் பித்தளைத் தூக்கோடு மரியாதையான ஆளாகத் தெரிந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மரம் வாங்க வருகிறேன் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். கல்யாணத்துக்கு என்றேன். எந்தத் தெரு என்றார். யோசிக்காமல் மரம் பார்க்கப் போகிற தெருவையே சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஏனுங்க, எங்கூடு அந்தத் தெருதானுங்களே. எனக்குத் தெரியாம யாரூட்லீங்க கல்யாணம்?"

காது கேட்காதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயல் அறுத்துக் கிடந்தது. வரப்பு நெடுகப் பனையும் தென்னையும். மேற்கே மலை இரண்டாகப் பிளந்து நடுவில் வெறும் வானம். அந்த வாயைப் பார்த்துக் கிழக்கேயிருந்து காற்று போகிறது. சாதாரணக் காற்று இல்லை, பஸ்ஸின் தார்ப்பாயைக் கிழிக்கிற காற்று. எங்கள் மலையில் காற்று வீசும், நிற்கும். இங்கே அது வேலைக்குப் போகிற ஆள் மாதிரி ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கிறது.

சித்தூரில் இறங்கினேன். ரங்கசாமி குடையோடு நின்றார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. அளவுக்கு மேல் சிரிக்கிறவனிடம் நான் எப்போதும் பையை இடது கைக்கு மாற்றிக்கொள்வேன். மாற்றிக்கொண்டேன். கடைத்தெருவில் டீ இருபது பைசா. அவரே காசு கொடுத்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தெரு ஊருக்குக் கிழக்கே, கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. இப்படி ஒரு தெருவை நான் பார்த்ததில்லை. எங்கள் மலையில் வீடு என்றால் நாலு பக்கமும் வெளிச்சம் இருக்கும். இங்கே ஒரு பக்கத்துக்கு இருபது வீடாவது இருக்கும், எல்லாம் ஒரே வீடு மாதிரி. வீட்டுக்கு வீடு சந்து இல்லை. கூரை ஒன்றாகவே ஓடுகிறது, ரயில் பெட்டி கோத்த மாதிரி. ஓட்டு விளிம்பு தாழ இறங்கி ஆளின் தோள் உயரத்துக்கு நிற்கிறது. காற்று ஓட்டுக்கு அடியில் புகுந்து தூக்கிவிடாமல் மேலேயே வழுக்கிப் போக வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே நின்று பார்த்துப் புரிந்துகொண்டேன்.

வீடுகளின் முகப்பில் மரஅழி, கம்பிக்குப் பதில் மரச்சட்டம் நிறுத்தின தடுப்பு. ஒவ்வொரு வீட்டு அழியும் வேறு கடைசல். வாசற்படிக் கட்டை நடுவில் கால் பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. கதவு குள்ளம். குனியாமல் போனால் நெற்றி போகும். அரண்மனை இல்லை, கோயில் இல்லை. நெல் வியாபாரி, வாத்தியார், கோர்ட்டுக் குமாஸ்தா குடியிருக்கிற தெரு. ஆனால் ஒரு வீட்டில்கூட மரத்தில் கஞ்சத்தனம் செய்யவில்லை.

மரத்துக்காக விற்க வந்த வீட்டின் சொந்தக்காரருக்குப் பம்பாயில் உத்தியோகம். தனக்குப் பதிலாக விற்க ரங்கசாமிக்கு முக்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். கதவைத் திறக்கும்போதே தரகர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். பக்கத்து வீட்டில் பாப்பாத்தியம்மா என்று ஒரு அம்மாள் இருக்கிறாள், ஏற்கெனவே வந்த இரண்டு பேரிடம் இந்த வீட்டில் பேய் நடமாடுகிறது என்று சொல்லித் துரத்திவிட்டாள், நம்பாதீர்கள் என்றார். ஒருவன் முன்கூட்டியே இன்னொருவரை நம்பாதே என்று சொன்னால் நான் இரண்டு பேரையும் நம்ப மாட்டேன்.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். கூடத்துக்குக் குறுக்கே ஒரு தேக்கு உத்திரம். என் இரண்டு கையாலும் சேர்த்து அணைக்க முடியாத பருமன். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுப்பு வெல்லம் மாதிரி மினுங்கியது. அதன் மேல் சட்டம் சட்டமாக மச்சு. கீழே ஒரு வேங்கைத் தூண். காவித் தரையில் என் முகம் தெரிந்தது. சுவரில் விளக்கு வைக்கிற மாடக்குழி, அதன் மேல் பழைய புகைக்கறை. என் சக்குபள்ளத்து வீட்டில் இந்த உத்திரம் ஏறினால் காங்கிரீட்காரன் எவனும் என் வாசலைப் பார்த்து மூச்சு விட மாட்டான் என்று நினைத்தேன். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. மரம் கொஞ்சம் பழசு என்று மட்டும் சொன்னேன்.

தரகர் வேகப்பட்டார். மரம் அறுப்பவர்களை ஏற்கெனவே பேசிவிட்டாராம். வியாழன் காலை எட்டு மணிக்கு வருவார்களாம். சாயங்காலத்துக்குள் லாரியில் ஏற்றிவிடலாமாம். எனக்கு முன்னால் என் வேலைக்கு ஆள் பேசுகிறவன் யார்? அப்போதுதான் கவனித்தேன். தெற்குச் சுவர் நெடுக வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தது, தலை உயரத்துக்கு. ஆள் இல்லாத வீட்டுக் கூடத்தில் வைக்கோல் எதற்கு? மழைக்குப் பயந்து என்றார். மாசி மாதத்தில் மழையா? சுவரில் கரையான் இருக்கிறது, மறைக்கிறான் என்று தீர்மானித்தேன்.

அவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, நாலு வைக்கோல் கட்டை இழுத்துப் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த ஏணியைச் சாத்தி ஏறினேன். மரத்தை நான் கண்ணால் வாங்குவதில்லை, காதால் வாங்குவேன். உத்திரத்தின் முனை சுவருக்குள் போய் முடிகிற இடத்தில் கைச்சுத்தியால் தட்டினால் சத்தம் சுவரில் முட்டி நின்றுவிடும். கரையான் இருந்தால் சொதசொத என்று கேட்கும். தட்டினேன். கரையான் இல்லை. ஆனால் சத்தம் நிற்கவும் இல்லை. சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. இன்னொரு தடவை பலமாகத் தட்டினேன். மேலே எங்கோ ஒரு பாத்திரம் உருண்டது.

என் காதருகே ஒரு பெண் குரல் கேட்டது. "யாருங்க அது, சொல்லாமத் தட்டறது?"

ஏணியிலிருந்து விழாமல் தப்பியது என் முன்னோர் செய்த புண்ணியம். குரல் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. ஆனால் ஒரே அறையில் நின்று பேசுவது போல இருந்தது. தரகர் இரண்டடிச் சுவர் என்று சொல்லியிருந்தார். இரண்டடிச் சுவருக்குள்ளிருந்து குரல் இப்படி வராது.

அடுத்த நிமிஷம் வாசலில் கூட்டம். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருக்கிறது. நடுச்சுவரில் ஆணி அடிப்பதானாலும் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சொல்லாமல் அடித்தால் சண்டைக்குக் கூப்பிட்டது மாதிரி. எனக்கு அது எப்படித் தெரியும்? தெருவே சேர்ந்து என்னை மிரட்டி விலை ஏற்றப் பார்க்கிறது என்று நினைத்தேன். கூட்டத்தில் பஸ்ஸில் வந்த தூக்குக்காரரும் நின்றார். கல்யாணம் நன்றாக நடக்கிறதா, மேளச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது என்று என்னைக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

பாப்பாத்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. மாடி அறையைச் சித்தூர்க் காலேஜில் படிக்கிற இரண்டு பையன்களுக்கு வாடகைக்கு விட்டு, அவர்களுக்குச் சோறும் போட்டு அதில் ஜீவனம். ஒரு சொம்பு மோர் கொண்டு வந்து நீட்டினாள். பகையாளி வீட்டு மோரைக் குடிக்கிற ஆள் நான் இல்லை. சொம்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, பேய் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"பேய் இல்லீங்க. அப்படிச் சொன்னாத்தான் போறாங்கன்னு சொன்னேன். உங்களுக்குப் பேய்க்கதை வேண்டாம், எங்கூட்டுக்கு வந்து நீங்களே பாருங்க" என்றாள்.

போனேன். பை இடது கையில். அவள் கூடம் தரகர் காட்டிய கூடத்துக்கு இரட்டைப் பிள்ளை. அதே காவித் தரை, அதே மாடக்குழி. தலைக்கு மேல் அதே உத்திரம். அதே மாதிரி ஒன்று இல்லை, அதே மரம். நான் அந்தப் பக்கம் விட்ட இடத்தில் இந்தப் பக்கம் தொடங்கி வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவர் வரை ஒரே தேக்கு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து முப்பது அடிக்கு மேல் இருக்கும். நடுவில் இருப்பது சுவரே இல்லை. மூங்கில் பிளாச்சு கட்டி மண் பூசின நாலு விரல் மறைப்பு. ஒரு காலத்தில் இது ஒரே வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேர் பிரிந்தபோது குறுக்கே மண்ணை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். வீட்டைப் பிரித்தார்கள், மரத்தைப் பிரிக்க முடியவில்லை. அந்த மரத்தின் நடுவைத் தாங்குகிற ஒரே தூண் விற்பனைக்கு வந்த பாதியில் நிற்கிறது. தெருவில் பாதி வீடுகள் இப்படித்தானாம். பெரிய வீடாக இருந்து பங்கு பிரிந்தவை. அதனால்தான் ஆணி அடிக்கக்கூடச் சொல்லிவிட்டு அடிக்கிறார்கள்.

வைக்கோல் எதை மறைத்தது என்று இப்போது விளங்கிற்று. என் சந்தேகம் தப்பவில்லை. சந்தேகப்பட்ட பொருள்தான் தப்பு.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். சரியாக உத்திரத்துக்கு மேலே இரண்டு கயிற்றுக் கட்டில். நான் தட்டினதில் ஒரு பையனின் தண்ணீர்ச் சொம்பு உருண்டு கிடந்தது. தூணை எடுத்து, மரத்தை மறைப்போடு ஒட்டி அறுத்தால் இந்தத் தளம் அந்த நாலு விரல் மண்ணின் மேல் நிற்க வேண்டும். ஒரு ராத்திரிகூட நிற்காது.

வியாழன் எங்கேயாவது போகிறாயா அம்மா என்று கேட்டேன். கொழிஞ்சாம்பாறையில் அக்கா பேரனுக்குக் காது குத்து, காலை முதல் பஸ்ஸில் போகிறேன் என்றாள். ஆள் பேசின நாள் ஏன் வியாழன் என்பதும் விளங்கிற்று.

மூன்று மணிக்கு ரங்கசாமி வாயெல்லாம் சிவப்பாக வந்தார். வைக்கோல் கிடந்த இடத்தைக் காட்டிக் கேட்டேன். மனிதர் அசரவில்லை. "அய்யா, நீங்க வாங்கறது உங்க பாதிங்க. ஆதாரப் பத்திரத்துல தூணும் இந்தப் பாதியிலதான் வருது. அந்தப் பாதி நிக்கறதும் விழறதும் அவங்க பாடு."

"மேல ரெண்டு பயலுக படுத்திருக்காங்கப்பா."

"பகல்ல காலேஜுக்குப் போயிடுவாங்கங்க" என்றார்.

என்னை ஏமாற்ற எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், அவர்களையெல்லாம் மலையிலிருந்து இறக்கி அனுப்பியிருக்கிறேன். ஆனால் என்னை மரமறுக்கிற வாளாகப் பிடித்து இன்னொருத்தி வீட்டை அறுக்கலாம் என்று எவனும் நினைத்ததில்லை. வியாபாரம் வேண்டாம் என்றேன். அவர் அதற்கும் சிரித்தார். பரவாயில்லை, பொள்ளாச்சியில் ஒரு மில்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றார்.

கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். பாப்பாத்தியம்மா அவள் வீட்டு அழிக்குப் பின்னால் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அந்தச் சுவரில் கேட்காமல் எப்படி?

"நீங்க வேண்டாமுன்னு போயிட்டா நீங்க நல்லவருங்க" என்றாள். "அடுத்த வாரம் இன்னொருத்தர் வருவாரு. அவரு தட்டிப் பாக்க மாட்டாரு."

தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தேன். இது அவளுடைய ஏற்பாடோ? மோர், கட்டில், காது குத்து எல்லாம் சேர்த்து என்னை ஒரு மூலையில் கொண்டுவந்து நிறுத்துகிறாளோ? இந்தப் பாதியை அவளே வாங்குகிற வசதி இல்லை என்று வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. அறுக்காத ஒரு ஆள் வாங்கினால் அவளுக்குப் போதும். அந்த ஆளாக என்னைப் பிடிக்கிறாள். நான் இதைக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த பிறகும் கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை.

ஐந்து மணி வெயில் ஓட்டு விளிம்புக்கு அடியில் சாய்ந்து விழுந்தது. வீட்டுக்கு வீடு வாசல் தெளித்தார்கள். ஒரு வீட்டுத் தண்ணீர் அடுத்த வீட்டுக் கல்லின் மேல் ஓடியது, யாரும் சண்டை போடவில்லை. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முகிறார்கள். ஒருத்தன் மாடியில் இருமினால் பக்கத்து மாடியிலிருந்து சுக்கு போடு என்று குரல் வருகிறது. ஒருவரை ஒருவர் திட்டவும் செய்கிறார்கள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. எனக்கு இப்படி இருக்க முடியாது. மூச்சு முட்டும். என் வீட்டைச் சுற்றி வேலி, வேலிக்கு உள்ளே நாய். என் சுவரில் எவன் வீட்டு மரமும் இல்லை. அப்படித்தான் நான் பிழைத்தேன். ஆனால் அந்த முப்பது அடி மரத்தை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று யோசித்தேன். யானை இந்தத் தெருவுக்குள் நுழையாது. தெருவே தோள் கொடுத்திருக்க வேண்டும். அதை இரண்டு ஆள் வாளால் அறுப்பது மரம் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை.

இரக்கத்தால் வாங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலேஜுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடு, வாடகைக்குப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். தரகரிடம் வீட்டை வீடாக வாங்குகிறேன், மரமாக வேண்டாம் என்றேன். மரம் அறுப்பவர்களுக்கு வர வேண்டாம் என்று என் கண் முன்னால் ஆள் அனுப்ப வைத்தேன். வியாழன் முழுவதும் அந்தக் கூடத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னபடி அவர்கள் வராமல் இருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எட்டு மணிக்கு வாளோடு இரண்டு பேர் வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாப்பாத்தியம்மாவும் காது குத்துக்குப் போகவில்லை. மறைப்புக்கு அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்திருந்தாள் என்பது அவள் இருமினபோது தெரிந்தது. அவளும் என்னை நம்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ். ஆதாரம் முழுக்க மலையாளத்தில் இருந்தது. ஒரு வரி விடாமல் அந்தக் காலேஜ் பையன்களில் ஒருவனை விட்டுப் படிக்கச் சொல்லி, அவன் சரியாகத்தான் படித்தானா என்று தூக்குக்காரரை விட்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்ன பிறகே கைநாட்டு வைத்தேன். கையெழுத்து எனக்குத் தெரியும். கைநாட்டை மாற்றி எழுத முடியாது, அதனால்.

சனிக்கிழமை காலை பஸ். கொத்தனாருக்குத் தபால் போட்டுவிட்டேன், காங்கிரீட்டுக்குக் கம்பி கட்டட்டும் என்று. சக்குபள்ளத்தில் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். எங்கள் ஊரில் யாருக்கும் சித்தூரில் ஒரு வீடு கிடையாது, அதிலும் பாதி மரத்துக்குச் சொந்தக்காரன் எவனும் கிடையாது. பாதி மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சாவியைப் பாப்பாத்தியம்மாவிடம் கொடுக்கவில்லை. என் இடுப்பில்தான் இருக்கிறது. அவள் அதைக் கேட்கவும் இல்லை. வேறு ஒன்று சொன்னாள். தெருவில் ஓடு மாற்றுவது எல்லா வீட்டிலும் ஒரே நாளில்தானாம். கூரை ஒன்றாக ஓடுவதால் ஒருவர் வீட்டில் தவறினால் அடுத்தவர் வீட்டில் ஒழுகும்.

"சித்திரை கடைசியில நாள் பாப்பாங்க. வந்துருங்க பெரியவரே. ஊட்டுக்காரரு நிக்கோணும்" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. இரண்டு பக்க ஓட்டுச் செலவையும் என் தலையில் கட்டப் பார்க்கிறாள். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது, இறங்கி ஓடு ஏற்றி வந்த லாரிக்காரன் ஒருவனிடம் ஆயிரம் ஓடு என்ன விலை என்று விசாரித்தேன். சொன்னான். அதையும் நான் நம்பவில்லை. சித்திரைக்குள் இன்னும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும்.